மண்ணில் இருப்பது, செடிக்குக் கிடைப்பது: மண் பரிசோதனை எண்ணை வாசிப்பது எப்படி?



கருத்தறிதல் பகுதியில் அறிவியல் சார்ந்த பனுவல் வந்தால் நம் மாணவர்கள் பலர் திணறுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அறிவியல் பாடத்தில் படித்த விஷயமாகவே இருக்கும். ஆனால் அதையே தமிழில் பார்த்தவுடன், "டீச்சர், இது ரொம்பக் கஷ்டம்" என்று தாளைத் தள்ளி வைத்துவிடுவார்கள். சொல் தெரியாதது பாதிக் காரணம். சொல் தெரிந்தும், அது எந்தப் பொருளில் வருகிறது என்று நிதானித்துப் பார்க்காதது மீதிக் காரணம்.

இந்தக் கட்டுரை மண் பரிசோதனை பற்றியது. மண்ணில் பயிருக்கு எவ்வளவு சத்து கிடைக்கும் என்பதை வேதிக் கரைசல்களைக் கொண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறோம். படித்து முடிக்கும்போது ஒரு மண்வள அட்டையிலுள்ள எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். அதைப் பற்றிப் பிழையில்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதவும் தெரிய வேண்டும். அதுதான் நோக்கம்.

1. மூன்று சத்துகள், மூன்று பெயர்கள்

முதலில் பெயர்களைப் பார்ப்போம். பயிருக்கு அதிக அளவில் தேவைப்படும் மூன்று சத்துகள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். தமிழில் இவற்றை முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று சொல்கிறோம்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. பெயரிலேயே வேலை இருக்கிறது. தழை தழைத்து வளர உதவுவது தழைச்சத்து. மணி பிடிக்க, அதாவது விதையும் தானியமும் முற்ற உதவுவது மணிச்சத்து. வேர் வளர்ச்சிக்கும் அது வேண்டும். விறகுச் சாம்பலில் நிறைய இருப்பது சாம்பல் சத்து. தமிழ்நாட்டில் எந்த உரக்கடைக்குப் போனாலும் இந்தச் சொற்கள் புழக்கத்தில் இருப்பதைக் கேட்கலாம். பாடநூலுக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கிய சொற்கள் என்று மாணவர்கள் நினைத்துவிடக்கூடாது.

இவை தவிர கால்சியம், மெக்னீசியம், கந்தகம் ஆகியவையும் வேண்டும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான் போன்றவை மிகச் சிறிய அளவில் போதும் என்பதால் நுண்ணூட்டச் சத்துகள் எனப்படுகின்றன.

2. 'இல்' வேறு, 'கு' வேறு

சரி, இப்போ இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

மண்ணில் மணிச்சத்து இருக்கிறது.
செடிக்கு மணிச்சத்து கிடைக்கிறது.

முதல் வாக்கியத்தில் 'இல்' என்ற ஏழாம் வேற்றுமை உருபு இடத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபு பெறுபவரைக் காட்டுகிறது. 'கிடை' என்ற வினைக்குப் பெறுபவர் ஒருவர் வேண்டும். 'யாருக்குக் கிடைத்தது?' என்று கேட்காமல் அந்த வினை முழுமையாகாது. மண் பரிசோதனையின் அடிப்படைக் கருத்து முழுவதும் இந்த இரு உருபுகளின் வேறுபாட்டில் அடங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடையை ஏறத்தாழ 2.24 மில்லியன் கிலோ என்று ஆய்வுக்கூடங்கள் வைத்துக்கொள்கின்றன. அந்த மண்ணில் 0.1 சதவீதம் நைட்ரஜன் இருந்தால் மொத்தம் 2,240 கிலோ. கேட்டால் பெரிய செல்வம் மாதிரி இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி மக்கிய இலை, வேர், உயிர்ப்பொருள் இவற்றுக்குள் பிணைந்து கிடக்கிறது. வேர் பெரும்பாலும் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோதான் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உயிர்ப்பொருளைச் சிதைத்துக் கொடுத்தால்தான் அந்த வடிவங்கள் உண்டாகும். அது மெல்ல மெல்லத்தான் நடக்கும்.

மணிச்சத்தின் கதை இன்னும் சிக்கலானது. அமில மண்ணில் அதை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. சாம்பல் சத்தில் பெரும்பங்கு கனிமப் படிகங்களின் உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. குதிரில் நெல் நிறைய இருக்கலாம். அது குத்தி, வெந்து, இலையில் சோறாக விழுந்தால்தானே பசி ஆறும்? மொத்தச் சத்து குதிர் நெல். கிடைக்கும் சத்து இலையில் விழுந்த சோறு.

ஆகவே, மண்ணைக் கடும் அமிலத்தில் முழுவதும் கரைத்து, உள்ளதையெல்லாம் அளந்தால் விவசாயிக்குப் பயன் குறைவு. வேருக்கு எட்டும் பங்கை மட்டும் எப்படி அளப்பது என்பதுதான் கேள்வி.

3. தேநீர்க் கோப்பையில் ஒரு வேதியியல் பாடம்

காப்பிக்கடையில் ஒரு 'தே கொசோங்' கேட்கிறோம். தேயிலைத் தூளைக் குளிர்ந்த நீரில் போட்டால் நிறம் லேசாகத்தான் இறங்கும். வெந்நீரில் போட்டால் நன்றாக இறங்கும். 1 நிமிடம் ஊறினால் ஒரு நிறம், 5 நிமிடம் ஊறினால் இன்னொரு நிறம். தூள் ஒன்றுதான். கோப்பையில் இறங்கியது மட்டும் வேறு வேறு.

மண் பரிசோதனையும் இதே மாதிரிதான். குறிப்பிட்ட அளவு மண்ணை, குறிப்பிட்ட அளவு கரைசலில், குறிப்பிட்ட நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். வடிநீரில் இறங்கிய சத்தை அளக்கிறார்கள். இந்தச் செயலுக்குப் பிரித்தெடுத்தல் என்று பெயர். இதற்குப் பயன்படும் கரைசல் பிரித்தெடுப்புக் கரைசல். கரைசல் மாறினாலும், மண்ணுக்கும் கரைசலுக்கும் உள்ள விகிதம் மாறினாலும், குலுக்கும் நேரம் மாறினாலும் எண் மாறிவிடும்.

மணிச்சத்துக்கான ஓல்சன் முறையை எடுத்துக்கொள்வோம். இது 1954இல் அமெரிக்காவில் வெளியானது. 2.5 கிராம் மண், 50 மில்லிலிட்டர் சோடியம் பைகார்பனேட் கரைசல். கரைசலின் செறிவு 0.5 மோலார், பிஎச் 8.5. 30 நிமிடம் குலுக்க வேண்டும். வடிநீரில் மாலிப்டேட் கலந்த வினைபொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். மணிச்சத்து கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். நிறமானியில் அந்த அடர்த்தியை அளந்து சத்தின் அளவைக் கணக்கிடுவார்கள்.

இந்த முறையில் 10 என்று வந்தால், அது ஒரு கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராம். அதை 2.24ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 22.4 கிலோ. இந்த அலகு மாற்றத்தைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் கணக்கு இரண்டு மடங்குக்கும் மேல் பிசகிவிடும்.

4. சத்துக்கு ஏற்ற கரைசல், மண்ணுக்கு ஏற்ற கரைசல்

ஒவ்வொரு சத்துக்கும் கரைசல் வேறு. ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் பெயர்களை நினைவில் வைப்பது சுலபம்.

தழைச்சத்து: இந்திய ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படுவது சுப்பையாவும் அசிஜாவும் 1956இல் வெளியிட்ட முறை. காரம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் மண்ணைச் சூடாக்குவார்கள். எளிதில் சிதையக்கூடிய உயிர்ப்பொருளிலிருந்து அம்மோனியா வெளிவரும். அதை அமிலத்தில் பிடித்துத் தரம்பார்த்து அளப்பார்கள். நுண்ணுயிர்கள் பல வாரங்களில் செய்யும் வேலைக்கு இது ஓர் அவசரச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாம்பல் சத்து: பிஎச் 7 உள்ள 1 நார்மல் அம்மோனியம் அசிட்டேட் கரைசல். களிமண் துகளின் மேற்பரப்பில் பொட்டாசியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மோனியம் அயனியும் ஏறத்தாழ அதே அளவுள்ளது. கரைசலில் கூட்டமாக வரும் அம்மோனியம், பொட்டாசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்த பொட்டாசியத்தைச் சுடர் ஒளிமானியில் அளப்பார்கள். வேதியியல் வகுப்பில் பொட்டாசியம் சுடரில் வெளிர் ஊதா நிறம் தருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம்தான்.

இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம்: லிண்ட்சேயும் நார்வெலும் 1978இல் வெளியிட்ட டிடிபிஏ முறை. டிடிபிஏ என்பது உலோக அயனிகளை நண்டுப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு சேர்மம். 2 மணி நேரம் குலுக்கிய பின் அளப்பார்கள்.

மணிச்சத்துக்கு ஓல்சன் முறை போக இன்னொரு முக்கிய முறையும் உண்டு. 1945இல் பிரேயும் கர்ட்ஸும் வெளியிட்டது. அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியம் புளோரைடும் இருக்கும்.

ஒரே சத்துக்கு எதற்கு இரண்டு முறை? காரணம் மண்தான். சுண்ணாம்பு மண்ணில் மணிச்சத்தைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். ஓல்சன் கரைசலிலுள்ள பைகார்பனேட், கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடும், மணிச்சத்து விடுபடும். அமில மண்ணில் பிடித்து வைத்திருப்பவை அலுமினியமும் இரும்பும். பிரே கரைசலிலுள்ள புளோரைடு, குறிப்பாக அலுமினியத்தோடு சேர்ந்துகொண்டு மணிச்சத்தை விடுவிக்கும்.

சுண்ணாம்பு மண்ணில் பிரே முறையைப் போட்டால் என்ன ஆகும்? கரைசலில் இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் சுண்ணாம்பே முறித்துவிடும். சத்து சரியாக இறங்காது. மண்ணில் மணிச்சத்து இல்லை என்று அறிக்கை வரும். விவசாயி வேண்டாத உரத்தை வாங்கிக் கொட்டுவார். தவறு மண்ணிலும் இல்லை, கருவியிலும் இல்லை. பொருந்தாத கரைசலால் வந்த வினை.

1984இல் மெலிக் என்பவர் வெளியிட்ட 'மெலிக் 3' என்ற கரைசல் பல சத்துகளை ஒரே தடவையில் பிரித்தெடுக்கும். அதனால் வேலை மிச்சம். ஆனால் மெலிக் 3 தரும் எண்ணை ஓல்சன் அட்டவணையில் வைத்துப் பார்க்கக்கூடாது.

5. எண்ணுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது?

என் வகுப்பு மாணவி ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள்: "அந்தக் கரைசல் வேர் மாதிரியே வேலை செய்யும்னு எப்படித் தெரியும், டீச்சர்?"

நேரடியான பதில்: கரைசல் வேர் மாதிரி வேலை செய்யாது. வேர் உயிருள்ளது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் பரவுகிறது, அமிலங்களைச் சுரக்கிறது, பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்கிறது. ஒரு குடுவையில் 30 நிமிடம் குலுக்குவது அதற்கு ஈடாகாது. அதனால்தான் கரைசல் தந்த எண்ணை உண்மையான பயிரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டின் வரலாறு பழையது. இங்கிலாந்தில் பெர்னார்டு டையர் 1894இல் தம் ஆய்வை வெளியிட்டார். பல தாவரங்களின் வேர்ச் சாற்றில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏறத்தாழ ஒத்த 1 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைத் தேர்ந்தெடுத்தார். ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் நெடுங்காலம் உரமிட்ட, உரமிடாத பார்லி நிலங்களின் மண்ணை அந்தக் கரைசலில் சோதித்தார். எந்தத் துண்டில் விளைச்சல் எப்படி என்பது ஏற்கெனவே பதிவாகி இருந்தது. ஆகவே கரைசல் சொல்வதையும் பயிர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இன்றும் வழி அதுதான். பல இடங்களின் மண்ணைச் சோதிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உரமிட்டும் இடாமலும் பயிர் வளர்க்கிறார்கள். எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் உரத்தால் விளைச்சல் தெளிவாகக் கூடுகிறது, எந்த எண்ணுக்கு மேலே போனால் உரமிட்டும் பயனில்லை என்று பார்த்து எல்லைகளை வகுக்கிறார்கள். இதை அளவீட்டுப் பொருத்தம் எனலாம்.

இந்தியாவில் பி. ராமமூர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 1967இல் ஒரு படி மேலே போனார்கள். சோனோரா 64 என்ற கோதுமை வகையை வைத்து, 'இவ்வளவு விளைச்சல் வேண்டும்' என்று இலக்கு வைத்தால் மண் பரிசோதனை எண்ணிலிருந்து தேவையான உரத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளை உருவாக்கினார்கள். இந்த வழியில் இந்தியா முழுவதும் ஆய்வுகள் நடந்தன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பல பயிர்களுக்கு இத்தகைய சமன்பாடுகளைத் தந்திருக்கிறது.

6. மண்வள அட்டையை வாசிப்போம்

இந்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தை 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் இருக்கும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், இவற்றோடு கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் மண் மாதிரி எடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் வழக்கமாகப் பயன்படும் எல்லைகள் இவை. எல்லாம் ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில்.

தழைச்சத்து: 280க்குக் கீழ் குறைவு, 280 முதல் 450 வரை மத்திமம், 450க்கு மேல் அதிகம்.
மணிச்சத்து (ஓல்சன் முறை): 11க்குக் கீழ் குறைவு, 11 முதல் 22 வரை மத்திமம், 22க்கு மேல் அதிகம்.
சாம்பல் சத்து: 118க்குக் கீழ் குறைவு, 118 முதல் 280 வரை மத்திமம், 280க்கு மேல் அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வயலின் அட்டையில் தழைச்சத்து 210, மணிச்சத்து 26, சாம்பல் சத்து 300 என்று இருக்கிறது. மூன்றையும் எண்ணாக மட்டும் பார்க்கும் மாணவர், மணிச்சத்துதான் ரொம்பக் குறைவு என்பார். ஏனென்றால் 26தான் சின்ன எண். எல்லையோடு ஒப்பிட்டால் நிலைமை தலைகீழ்: மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அதிகம், தழைச்சத்துதான் குறைவு. ஒவ்வொரு சத்துக்கும் அளவுகோல் தனி.

உர மூட்டை விஷயத்திலும் ஒரு கவனம் வேண்டும். கடைகளில் 15-15-15 என்று போட்டிருக்கும். முதல் எண் நைட்ரஜனை நேரடியாகச் சொல்லும். ஆனால் நடு எண் பாஸ்பரஸ் பென்டாக்சைடையும், கடைசி எண் பொட்டாசியம் ஆக்சைடையும் குறிக்கும். பாஸ்பரஸின் அளவு வேண்டுமானால் நடு எண்ணை 2.29ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிலோ உரத்தில் 150 கிராம் பென்டாக்சைடு என்றால் பாஸ்பரஸ் ஏறத்தாழ 65 கிராம்தான்.

7. நம் வட்டாரத்து மண்

நான் கற்பிக்கும் பள்ளி பூன் லே வட்டாரத்தில் இருக்கிறது. இங்கே மண்ணைப் பற்றிப் பேச வரலாறும் துணைக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜூரோங் உட்பட சிங்கப்பூரின் பல பகுதிகளில் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். பூன் லே என்ற பெயருக்குக் காரணமான வணிகர் சியூ பூன் லேயும் இப்பகுதியில் தோட்டம் வைத்திருந்தவர்தான். காம்பியர் இலையைப் பெரிய கொப்பரையில் வேகவைத்துச் சாறு எடுப்பார்கள். எஞ்சிய இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாகப் போடுவார்கள். அப்படியும், ஏறத்தாழ 15, 20 ஆண்டுகளில் நிலம் சோர்ந்துபோகும். அடுப்புக்கு விறகும் தீர்ந்துபோகும். தோட்டக்காரர்கள் வேறு காடு தேடிப் போவார்கள். பலர் ஜொகூருக்குச் சென்றார்கள். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது.

இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் பெய்த மழை கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் இவற்றை அடித்துச் சென்றுவிட, இயற்கையான மேட்டு மண் அமிலத்தன்மை கொண்டதாகவும், இரும்பும் அலுமினியமும் மிகுந்ததாகவும் ஆகிவிட்டது. மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் மண் இது. தமிழ்நாட்டுக் கரிசல் காட்டுக்கு வகுத்த ஓல்சன் எல்லைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தினால் சரிவராது. இயற்கையான அமில மண்ணுக்குப் பிரே முறையோ மெலிக் 3 முறையோ பொருத்தமாக இருக்கும். அந்த முறைக்குரிய அட்டவணையும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1961 முதல் ஜூரோங்கில் தொழிற்பேட்டைக்காகக் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலங்களை நிரப்பினார்கள். பிறகு வீடுகள் எழுந்தன. நம் புளோக்குக்குக் கீழே இருப்பது பல இடங்களில் பழைய தோட்ட மண் அல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண். அதில் சிமெண்டுத் துண்டுகள் கலந்திருந்தால் மண் காரத்தன்மை அடையும். அப்போ என்ன நடக்கும்? செம்மண்ணில் இரும்பு எக்கச்சக்கமாக இருக்கும்; ஆனால் கார நிலையில் அது கரையாது. செடியின் இளம் இலைகள் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். இரும்பு மண்ணில் இருக்கிறது, செடிக்குக் கிடைக்கவில்லை.

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் கீழ் தீவெங்கும் தோட்டங்கள் உருவாகியுள்ளன. வெண்டை, கறிவேப்பிலை, துளசி வளர்க்கும் நம் பெரியவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். "இலை மஞ்சளா இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் உரம் போடலாமா?" என்று அவர்கள் கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முதலில் பிஎச் பார்க்கச் சொல்லுங்கள். பிஎச் சரியில்லாத மண்ணில் உரத்தைக் கூட்டினால் காசுதான் கரையும். மழையில் அடித்துச் செல்லப்படும் மணிச்சத்தும் தழைச்சத்தும் கால்வாய் வழியே நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. தோட்டத்தில் அளவுக்கு மீறிப் போடும் உரம் நாம் குடிக்கும் தண்ணீரின் பிரச்சினையும்தான்.

8. மாதிரி எடுப்பதில் கவனம்

எவ்வளவு நல்ல ஆய்வுக்கூடமாக இருந்தாலும், தவறான மாதிரி கொடுத்தால் தவறான விடைதான் வரும். பள்ளித் தோட்டத்தில் செய்து பார்க்க ஏற்ற படிகள் இவை:

1. ஒரே மாதிரி மண்ணும் ஒரே மாதிரி பராமரிப்பும் உள்ள பகுதியைத் தனியாகப் பிரியுங்கள்.
2. எரு குவித்த இடம், மரநிழல், வரப்பு ஓரம், அண்மையில் உரமிட்ட இடம் இவற்றைத் தவிருங்கள்.
3. மேலே கிடக்கும் சருகை விலக்குங்கள். கீழே குறுகி மேலே அகன்ற குழி ஒன்றை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள்.
4. 10 முதல் 15 இடங்களில் இப்படி எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள்.
5. கலந்த மண்ணைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை நீக்குங்கள். அரை கிலோ வரும்வரை திரும்பச் செய்யுங்கள். இதைக் கால்பங்கீடு என்பார்கள்.
6. நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, பையில் போட்டு விவரம் எழுதுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் மண் 2.5 கிராம். அது 2.24 மில்லியன் கிலோ மண்ணுக்காகப் பேச வேண்டும். மாதிரி எடுப்பதில் இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று மாணவர் கேட்டால் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

9. வகுப்பறைக்கு

கீழே உள்ள வாக்கியங்களை மாணவர்களிடம் கொடுத்து, எது சரி, ஏன் என்று பேச விடலாம்.

அ) இந்த மண்ணில் 9 கிலோ மணிச்சத்து இருக்கிறது.
ஆ) ஓல்சன் முறையில் சோதித்தபோது, இந்த மண்ணில் செடிக்குக் கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 9 கிலோ என்று தெரிந்தது, தமிழ்நாட்டு அட்டவணைப்படி இது குறைவு.

முதல் வாக்கியம் இலக்கணப்படி சரிதான். ஆனால் எந்த முறை, எந்த அலகு, எந்த அட்டவணை என்ற மூன்றும் அதில் இல்லை. மொத்தச் சத்தே 9 கிலோ என்ற தவறான பொருளும் வந்துவிடுகிறது. தேர்வில் சொந்த நடையில் விடை எழுதும்போது மதிப்பெண் போவது இந்த மாதிரி இடங்களில்தான்.

கருத்தறிதல் வினாக்களும் விடைக் குறிப்புகளும்:

வினா 1: மொத்தச் சத்துக்கும் கிடைக்கும் சத்துக்கும் என்ன வேறுபாடு?
குறிப்பு: மொத்தச் சத்து மண்ணில் எல்லா வடிவங்களிலும் உள்ள அளவு. கிடைக்கும் சத்து வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு.

வினா 2: சுண்ணாம்பு மண்ணுக்குப் பிரே முறை ஏன் பொருந்தாது?
குறிப்பு: கரைசலின் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடுவதால் மணிச்சத்து முழுமையாக இறங்காது, எண் உண்மையைவிடக் குறைவாக வரும்.

வினா 3: கரைசல் தரும் எண்ணைப் பயிரோடு ஒப்பிட வேண்டியது ஏன்?
குறிப்பு: கரைசல் வேரின் செயலை அப்படியே செய்வதில்லை. எந்த எண்ணில் உரம் தேவை என்பதைப் பயிர்ச் சோதனைதான் காட்டும்.

வினா 4: தேநீர் எடுத்துக்காட்டின்வழி ஆசிரியர் உணர்த்த விரும்புவது யாது?
குறிப்பு: ஒரே பொருளிலிருந்து இறங்கும் அளவு கரைசல், விகிதம், நேரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

வாய்மொழிப் பயிற்சிக்கு ஒரு தலைப்பு: 'உங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் உரம் வாங்க எல்லாரும் பணம் போடச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?' மாணவர்கள் பேச்சுத் தமிழிலேயே தொடங்கட்டும். "முதல்ல மண்ணை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னால், "எதுக்கு? எந்த முறையில? எண் வந்த பிறகு எதோட ஒப்பிடுவே?" என்று அடுத்தவர் கேட்கட்டும். பேசி முடித்த பிறகு அதையே எழுத்துத் தமிழில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். பத்தியில் மண்ணில், செடிக்கு என்ற இரு சொற்களும் தத்தம் இடத்தில் வந்திருக்கின்றனவா என்று மட்டும் முதலில் திருத்துங்கள். மற்ற பிழைகளை அடுத்த பாடவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.